பகலில் வரக்கூடியவர்கள் தேவை

வணக்கம் நண்பர்களே. இரவில் உணவுப் பொட்டலம் கொடுக்க நம்மிடம் ஆள் இருக்கிறது. ஆனால் சென்ட்ரல், பாரிமுனை பக்கம் பல வருடமாக நடைபாதையில் இருப்பவர்களுக்குப் பகல்தான் பெரும்பாடு. குளிக்க இடமில்லை. பையை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது இருக்காது. அந்தப் பயத்திலேயே காலில் புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கூட ஒருவர் போனால், இன்னொருவர் பையைப் பார்த்துக்கொண்டால் போதும்.

மாநகராட்சிக் காப்பகம் இரவுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருடம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லிவிட்டது. பகலில் வெளியே போகச் சொன்னால் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் கொடுங்கள், இங்கேயும் தெரிவியுங்கள்.

அப்புறம், வாக்காளர் அட்டை. முகவரிச் சான்று இல்லையென்றாலும் படிவம் 6-இல் தூங்கும் இடத்தை எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து பார்த்து உறுதி செய்வார். எழுத உதவுங்கள்.

தயவுசெய்து யாரையும் போட்டோ எடுக்க வேண்டாம். வர விருப்பமில்லை என்றால் வற்புறுத்தவும் வேண்டாம், மறுநாள் போய்ப் பேசுங்கள். வார நாளில் வர முடிந்தவர்கள் பெயரும் நேரமும் இன்று இரவுக்குள் போடுங்கள்.