கோப்பை வந்த வாரங்களில் உடன் நின்றவர்களுக்கு நன்றி

அபர்டீன் நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் அபர்டீன் கால்பந்து அணி 35 வருடம் கழித்து, 2025-இல், ஸ்காட்டிஷ் கோப்பையை நம் ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறது. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துப் பெரியவர்கள் சீசனின் கடைசி வாரங்களைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க முடிந்தது என்றால், அதற்கு நீங்கள்தான் காரணம். அதை எல்லோர் முன்னாலும் சொல்ல ஆசைப்பட்டேன்.

ஏப்ரல் 19, ஈஸ்டருக்கு முந்தின நாள், ஹார்ட்ஸ் அணியுடன் அரையிறுதி. விடுமுறை நாள் என்றும் பாராமல் கூடுதல் ஷிஃப்டுக்கு வந்த கேரளத்துச் சகோதரிகளுக்கு முதல் நன்றி. ஆட்டம் எக்ஸ்ட்ரா டைமுக்குப் போனது. ஹார்ட்ஸ் அணியில் இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போன பிறகும் கோல் விழவில்லை. கடைசி நிமிடங்களில் நம் வீரர் ஒடே டபாக் அடித்து 2-1 ஆகும்வரை ஒருவரும் நாற்காலியை விட்டு எழவில்லை. சமையலறைக்காரர்கள் முகம் சுளிக்காமல் சாப்பாட்டைச் சூடாகவே வைத்திருந்தார்கள்.

அப்புறம் லீக். 33 ஆட்டம் முடிந்ததும் பட்டியலை இரண்டாகப் பிரித்து, மேலே உள்ள ஆறு அணிகள் தங்களுக்குள் ஐந்து ஆட்டம் ஆடும் முறையை எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார் பக்கத்து வீட்டுக்காரர். அந்த ஐந்து ஆட்டங்கள் நமக்கு நன்றாகப் போகவில்லை. இறுதிப் போட்டிக்குப் பத்து நாள் முன்னால் நம் சொந்த மைதானமான பிட்டோட்ரியிலேயே, இறுதியில் எதிராக ஆடவிருந்த செல்டிக்கிடம் 5-1 என்று தோற்றோம். கடைசி நாளில் டண்டீ யுனைடெட்டிடமும் தோற்று, நான்காம் இடமும் கைவிட்டுப் போனது. இல்லத்தில் இரண்டு நாள் பேச்சே குறைந்துவிட்டது. அந்த வாரம்தான் தமிழ்க் குடும்பங்கள் சிவப்புத் தோரணமும் பலகாரமுமாக வந்து நின்றீர்கள். பெரிய டிவியைத் தூக்கி வந்து மாட்டிக் கொடுத்த அண்ணனுக்கும், கேசரி கிண்டி வந்த அக்காவுக்கும் தனியாக நன்றி.

இந்த மடலில் நான் அதிகம் கடமைப்பட்டிருப்பது ஒரு தன்னார்வலருக்கு. எங்கள் பெரியவர் ஒருவருக்கு இப்போது கண் தெரியாது. 1983-இல் ரியல் மாட்ரிட்டுடன் நம் அணி ஆடிய ஐரோப்பியக் கோப்பை வின்னர்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்துக்காகக் கப்பலேறி ஸ்வீடனின் கோத்தன்பர்க் போய், மழையில் நனைந்தபடி 2-1 வெற்றியைக் கண்ணால் பார்த்தவர். டிவி வர்ணனையாளர்கள் பந்து எங்கே இருக்கிறது என்று எப்போதும் சொல்வதில்லை. படம் தெரியும் என்று நினைத்துப் பேசுகிறார்கள். அதனால் இந்த இளைஞர் பக்கத்தில் உட்கார்ந்து, பெரியவரின் உள்ளங்கையை மைதானமாக வைத்து, பந்து போகும் வழியை விரலால் வரைந்து காட்டினார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்தார். யாரும் கேட்டு அவர் இதைச் செய்யவில்லை.

மே 24, கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க் மைதானத்தில் செல்டிக்குடன் இறுதிப் போட்டி. நம் டாரிங்டனின் சேம் சைடு கோலால் பின்தங்கினோம். 83-ஆவது நிமிடம் நம் ஷேடன் மோரிஸ் வலது பக்கம் ஓடி அடித்த பந்து, செல்டிக் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் மேலேயே பட்டு உள்ளே போனது. அந்த விரல் உள்ளங்கையின் ஓரமாக ஓடி மணிக்கட்டில் போய் நின்றபோது, அறை கத்துவதற்கு முன்பே பெரியவர் கத்திவிட்டார். பிறகு பெனால்டிகள். 1990-இல் நாம் கோப்பையை வென்றதும் இதே செல்டிக்கிடம், அதுவும் பெனால்டியில்தான், 9-8. அதைச் சொல்லிச் சொல்லியே எல்லோரும் தைரியம் தேடிக்கொண்டார்கள். நம் கோல்கீப்பர் மிட்டோவ், செல்டிக்கின் மெக்ரெகரின் உதையையும் ஜான்ஸ்டனின் உதையையும் தடுத்தார். 4-3. அந்த சீசனின் உள்நாட்டுக் கோப்பை மூன்றையும் அள்ளப் போகிறார்கள் என்று நாடே நம்பியிருந்த அணியை நம்மவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் யூனியன் ஸ்ட்ரீட்டில் கூட்டத்தில் கால் வைக்க இடமில்லை. சக்கர நாற்காலிகளுக்கு வழிவிட்டு, எங்களை முன்வரிசைக்கே அனுப்பிய முகம் தெரியாத ரசிகர்களே, உங்களை எங்கே தேடி நன்றி சொல்வது? திறந்த பஸ்ஸிலிருந்து கேப்டன் ஷின்னி கோப்பையைத் தூக்கிக் காட்டினார். பெரியவர்கள் அதைத் தங்கள் ஊர்த் தெருவிலேயே பார்த்தார்கள். காரில் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டவர்கள் பெட்ரோல் காசுகூட வாங்கவில்லை.

பெரிய டிவியை இந்த வார இறுதியில் திருப்பிக் கொண்டுவந்து தருகிறோம். ஆகஸ்டில் ஐரோப்பிய அணிகள் ஆடும் யூரோப்பா லீக்குக்கான தகுதி ஆட்டம் இருக்கிறது. அதற்கும் கேட்டு வருவோம், மறுக்காமல் தாருங்கள்.