38 என்ற எண்ணின் கதை

அன்புள்ள மொட்டைக்கு,

ஏழு மாதமாகப் பதில் போடவில்லை, தெரியும். திட்டுவதாக இருந்தால் உன் அடுத்த கடிதத்தின் முதல் பாராவிலேயே திட்டி முடித்துவிடு, மிச்சப் பக்கங்கள் உருப்படியாகப் போகட்டும். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்று எழுது. நம் மீசை வாத்தியார் ஓய்வு பெற்றுவிட்டாராம், கடைசி நாளன்றும் யாரோ ஒருவனுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாராம். கேட்டதும் உன் ஞாபகம்தான் வந்தது, ஏன் என்று உனக்கே தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் எனக்கு ஓர் அவமானம் நடந்தது.

எந்தப் பிரிவுக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று கணக்குப் பார்க்கும் எக்செல் கோப்பு ஒன்றை நாலு வருடமாக நான்தான் கவனித்துக்கொள்கிறேன். பதினோரு ஷீட், ஒன்றிலிருந்து ஒன்று எண்களை இழுத்துக்கொள்ளும். கூட்டத்தில் அதைத் திரையில் போட்டு நான் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தபோது, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒரு பெண், "சார், வேலை அளவு மாதாமாதம் மாறுகிறது, இந்த ஒரு பிரிவுக்கு மட்டும் ஏன் அதே எண்ணே நிற்கிறது?" என்று கேட்டாள். நான் பெரிய மனுஷன் மாதிரிச் சிரித்து, "அது ஃபார்முலா அம்மா, தானாக மாறும்" என்று சொல்லிக்கொண்டே அந்த செல்லை, அதாவது எண் நிற்கும் கட்டத்தைச் சொடுக்கினேன். மேலே பட்டையில் ஃபார்முலா இல்லை. 38 இருந்தது. வெறும் 38. யாரோ ஃபார்முலாவின் தலையில் எண்ணை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ஐந்து மாதமாக அந்த 38 அங்கிருந்து மற்ற ஷீட்டுகளுக்கெல்லாம் போய் உட்கார்ந்து எங்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் என் குழுவில் இருக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கத்தினேன். ஃபார்முலாவில் கை வைத்தது யார், எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், இத்யாதி. அப்புறம்தான் பழைய பதிப்புகளைத் திறந்து யார் எப்போது மாற்றினார்கள் என்று பார்த்தேன். மே மாதம், இரவு 11:40. என் பெயர்.

சிரித்துவிட்டாயா? சிரித்து முடி. எனக்கு அந்த இரவு நன்றாக ஞாபகம் வந்துவிட்டது. மேலதிகாரி போனில், "அந்தப் பிரிவில் 38 பேர் இருந்தால் மொத்தம் எங்கே போய் நிற்கும்?" என்றார். அடித்தேன், கீழே வந்த எண்ணைப் படித்துச் சொன்னேன், அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார், நான் மடிக்கணினியை மூடிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். கோப்போ என்னைக் கேட்காமலேயே தன்னைச் சேமித்துக்கொண்டது.

அன்றிலிருந்து ஒரே யோசனைதான். நான் செய்தது தப்பு, மறுக்கவில்லை. ஆனால் நான் செய்த காரியத்துக்காகத்தானே இந்தச் சாதனமே பிறந்தது? 1978இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளின், கரும்பலகையில் வாத்தியார் ஓர் எண்ணைத் திருத்தப்போய், அதைத் தொடர்ந்து வரும் எண்களையெல்லாம் அழித்து அழித்து எழுதியதைப் பார்த்திருக்கிறார். ஓர் எண்ணை மாற்றினால் மிச்சமெல்லாம் தானாக மாறட்டும் என்று அவரும் பாப் ஃபிராங்ஸ்டனும் சேர்ந்து ஆப்பிள் 2 கணினிக்கு விசிகால்க் என்ற, எக்செல்லுக்கு முன்னோடியான விரிதாள் மென்பொருளை எழுதினார்கள், 1979இல் கடைக்கு வந்தது. "இப்படி இருந்தால் என்ன ஆகும்" என்று விளையாடிப் பார்ப்பதுதான் அதன் உயிர். அந்த இரவில் நான் விளையாடிப் பார்த்தேன். விளையாடும் இடமும், எல்லோரும் நம்பிப் படிக்கும் பதிவேடும் ஒரே கட்டமாக இருந்தது, அவ்வளவுதான். கரும்பலகையில் என்றால் அழித்த சுவடாவது இருந்திருக்கும். இங்கே நான் அடித்த 38க்கும் அது கணக்குப் போட்டு எடுத்த 38க்கும் எழுத்திலோ நிறத்திலோ எள்ளளவும் வித்தியாசம் இல்லை. விடையை மட்டும் காட்டு, வழியை மறை என்பதுதான் இதன் அழகு, அதே இடத்தில்தான் என் மூக்கும் உடைந்தது.

வழியைப் பார்க்கவே முடியாதா என்றால், முடியும். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு எஸ்கேப்புக்குக் கீழே உள்ள விசையைத் தட்டினால் ஷீட் முழுக்க ஃபார்முலாவாக மாறிவிடும். ஆனால் அப்போது கணக்குப் போட்டு வந்த விடைகள் காணாமல் போய்விடும். ஒன்று விடையைப் பார், இல்லையா, வழியைப் பார். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கத்தானே மனுஷனுக்கு வேண்டும்? இன்னொன்று, ஒரு ஃபார்முலா எங்கிருந்து எடுக்கிறது என்று அந்த செல்லைச் சொடுக்கினால் தெரிகிறது, ஆனால் ஓர் எண் நிற்கும் செல்லைச் சொடுக்கினால் அதை நம்பி எத்தனை பேர் கீழே காத்திருக்கிறார்கள் என்று அது தானாகச் சொல்வதில்லை. மெனுவில் தேடிப் போய் அம்புக்குறி போடச் சொல்ல வேண்டும். தாமஸ் கிரீன் என்கிற ஆராய்ச்சியாளர் இந்த மாதிரி மறைந்து கிடக்கும் இணைப்புகளை ஒரு வடிவமைப்புக் குறையாகவே பெயர் வைத்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறார். நான் அன்று இரவு 11:40க்கு அம்புக்குறி போட்டுப் பார்த்திருக்க வேண்டுமாம். நீ போட்டிருப்பாயா?

நீ என்ன சொல்வாய் என்றும் தெரியும். ஒழுக்கம் வேண்டும், கவனம் வேண்டும், தெரியாதவன் தொட்டால் இப்படித்தான். இந்தா, இதைக் கேள். 1987இல் பாலி பிரவுன், ஜான் கூல்ட் என்ற இருவர், எக்ஸ்பர்ட் என்று சொல்லத்தக்க அனுபவசாலிகள் 9 பேரைப் பிடித்து ஆளுக்கு 3 ஷீட் செய்யச் சொன்னார்கள். மொத்தம் 27. அதில் 44 சதவீதத்தில் பிழை. செய்தவர்களுக்கோ எல்லாம் சரியாக இருக்கிறது என்று நல்ல நம்பிக்கை. எனக்கு உறைத்தது அந்த நம்பிக்கைதான், "தானாக மாறும் அம்மா" என்று சொன்னபோது எனக்கு இருந்ததும் அதே நம்பிக்கை. கோடுகள் நேராக இருக்கின்றன, எண்கள் வலப்பக்கம் ஒழுங்காக நிற்கின்றன, பார்த்தாலே சரி என்று மனசு சொல்லிவிடுகிறது. தப்பான ஷீட்டும் சரியான ஷீட் போலவே தலை வாரிக்கொண்டு வந்து நிற்கிறது.

அடுத்து நீ லோட்டஸ் இம்ப்ரூவ் என்ற பழைய விரிதாள் மென்பொருளை இழுப்பாய், அதையும் முன்கூட்டியே முடித்துவிடுகிறேன். 1991இல் நெக்ஸ்ட் கணினிக்கு வந்தது, தரவு ஒரு பக்கம், ஃபார்முலா ஒரு பக்கம், பார்வை ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தது, உன்னைப் போன்றவர்கள் இன்றும் அதை நினைத்துப் பெருமூச்சு விடுகிறீர்கள். ஆனால் அது நிலைக்கவில்லையே. எனக்குத் தோன்றுவது, எண்ணை எங்கே வைப்பது என்று முதலிலேயே முடிவு செய் என்று கேட்கும் எதையும் அவசரத்தில் இருப்பவன் தொடமாட்டான். முதலில் கிறுக்க வேண்டும், எது என்ன என்பது கிறுக்கிய பிறகுதான் தெரியும். அந்தச் சுதந்திரத்தைப் பிடுங்கினால் நான் பழைய எக்செல்லுக்கே ஓடி வந்துவிடுவேன்.

எச்சரிக்கை கிடையாதா என்று கேட்காதே. செல் மூலையில் குட்டிப் பச்சை முக்கோணம் வரும். பிழையான ஃபார்முலாவுக்கும் வரும், யாரோ எழுத்தாக அடித்துவைத்த தொலைபேசி எண்ணுக்கும் வரும். என் ஷீட்டில் ஒரு வரிசை முழுக்கப் பச்சைத் தோரணம் கட்டியிருக்கிறது, நாலு வருடமாக அதை நான் பார்ப்பதே இல்லை. இந்த லட்சணத்தில், கேட்காததையும் செய்துவைக்கும் புத்தி வேறு. மார்ச்1, செப்ட்2 என்று மரபணுக்களுக்குப் பெயர் இருந்தது. எக்செல் அவற்றைத் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020இல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். மார்ச்1 இப்போது மார்ச்எஃப்1. அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்க வசதி வந்தது 2023இல். உயிரியல் விட்டுக்கொடுத்தது, மென்பொருள் மூன்று வருடம் கழித்து இறங்கி வந்தது!

ஒன்று மட்டும் நிஜமாகவே சொல்கிறேன், கிண்டல் இல்லை. பானி நார்டி, ஜேம்ஸ் மில்லர் என்ற இருவர் ஷீட் செய்பவர்களின் கூடவே இருந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஷீட்டை ஒருவர் தனியாகச் செய்வதில்லை, கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்த பக்கத்து ஆள் கை கொடுக்கிறார், தெரியாதவரின் பிழையை இன்னொருவர் கண் பிடிக்கிறது என்று. படித்ததும் நம் முதல் வேலை ஞாபகம் வந்தது. என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "டேய், டாலர் குறி போடலே" என்று மண்டையில் தட்டுவாயே, ஃபார்முலாவை நகலெடுக்கும்போது கட்டம் நகராமல் பிடித்துவைக்கும் அந்தக் குறியை நான் மறக்கும்போதெல்லாம். இப்போது எனக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை, பதவி உயர்ந்துவிட்டது. அந்தப் பெண் மட்டும் கேட்காமல் இருந்திருந்தால் இந்த வருடக் கடைசிவரை 38தான். நான் கத்திய கத்தில் இனி அவள் கேட்பாளா என்பதுதான் இப்போது என் கவலை. திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் அந்த 11:40ஐத் திரையில் போட்டு, கை என்னுடையதுதான் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செய்திருக்கும் வைத்தியம் சின்னதுதான். கையால் அடிக்கும் எண்ணெல்லாம் நீலம், ஃபார்முலா கறுப்பு, நிதிக்காரர்கள் ரொம்ப நாளாகச் செய்வது. விளையாட்டுக்கு என்று தனியாக ஒரு நகல், அதன் பின்னணி முழுக்க மஞ்சள். ஆனால் நீலம் தானாக வராது, அடிக்கிறவன்தான் பூச வேண்டும். இரவு 11:40க்கு நான் பூசுவேனா என்று எனக்கே சந்தேகம்.

அதனால் இந்தக் கடிதத்தோடு ஷீட்டின் நகலை அனுப்புகிறேன், பிரிவுகளின் பெயர்களை மாற்றிவிட்டேன். உள்ளே ஒரே ஒரு ஃபார்முலாவின் மேல் எண்ணை அடித்து வைத்திருக்கிறேன். கண்ணால் பார்த்தே கண்டுபிடி, நிரல் எழுதித் தேடினால் ஆட்டம் செல்லாது. எத்தனை நிமிடம் ஆனது என்று பொய் சொல்லாமல் எழுது.

உன்
பழைய பெஞ்சுக்காரன்