முழு மாடல் எண்ணை எழுதிக் கொடுங்கள்: கம்ப்யூட்டர் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் விற்கும் கடைக்காரர்களுக்கும், அவரவர் ஊர்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நான் திருச்சியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். நீங்கள் செட் போட்டு விற்கும் சிஸ்டங்களில் பல, வாரண்டி முடிந்தோ முடியாமலோ, என் மேஜைக்கு வருகின்றன. மூடியைக் கழற்றியதும் உள்ளே இருப்பது ஒன்று, கொண்டு வந்தவர் வாங்கியதாக நினைத்துக்கொண்டிருப்பது இன்னொன்று என்று அடிக்கடி தெரிகிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கல்லூரியில் சேரும் மாதங்களில் இது இன்னும் அதிகம். அந்த வேறுபாட்டை அப்பா அம்மாவிடம் சொல்லும் வேலை எனக்கு வந்து சேர்கிறது. அதனால்தான் இந்த மடல்.

கேட்பது ஒன்றே ஒன்று. விளம்பரத்திலும், கொட்டேஷனிலும், பில்லிலும் ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் எண்ணையும் எழுதுங்கள். அது புதிதா பழையதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

"ஐ7 ஃபுல் செட், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ், வெறும் பதினைந்தாயிரம்" என்று ஒரு விளம்பரம் வருகிறது. இன்டெல் பிராசஸர்களில் ஐ7 என்ற பெயர் 2008-லிருந்து இருக்கிறது. அந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஐ7-2600 போன்ற ஒன்றுதான். அது 2011 ஜனவரியில் வந்த சிப். வேலை செய்யும் கோர் நான்கு, ஒரே நேரத்தில் ஓடும் வேலைத்தொடர் (திரெட்) எட்டு. 2022 ஜனவரியில் வந்த ஐ3-12100-க்கும் அதே நான்கு கோர், எட்டு திரெட்தான். ஆனால் வேலை என்று வந்தால் அந்த ஐ3 இந்த ஐ7-ஐ வெகுதூரம் பின்னால் விட்டுவிடும். "ஐ3 எல்லாம் வேண்டாம், பையன் இன்ஜினியரிங் படிக்கப் போறான், ஐ7-ஏ குடுங்க" என்று கேட்கும் அப்பாவுக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

வேகம் மட்டும் பிரச்சினை இல்லை. புதிய மென்பொருள்கள் சில, சிப்பில் ஏவிஎக்ஸ்2 என்ற வசதி இல்லாவிட்டால் திறக்கவே திறக்காது. இன்டெல்லில் அது 2013-இல் நான்காம் தலைமுறையோடுதான் வந்தது, ஐ7-2600 இரண்டாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொள்ளும் பட்டியல், ஓரிரு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுக்கலாம், கொடுக்கவும் செய்கிறார்கள். அதன் அக்டிவேஷன் விவரத்தைத் திறந்து பார்த்தால் கம்பெனிகளுக்கான வால்யூம் லைசென்ஸ், 180 நாளுக்குள் புதுப்பிக்க வேண்டியது என்று காட்டுகிறது. வீட்டுக்கு வாங்கியவருக்கு அது எப்படி "ஒரிஜினல் விண்டோஸ்" ஆகும்?

"4 ஜிபி கிராபிக்ஸ்" என்பதும் இதே கதைதான். ஜிடி 730 என்ற கார்டு 2014-இல் வந்தது, அதில் டிடிஆர்3 என்ற மெதுவான நினைவகம் 4 ஜிபி வைத்த வகையும் உண்டு. 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-லும் 4 ஜிபிதான். இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆர்எக்ஸ் 580 கார்டு என்று சொல்லி விற்பதில் 2048எஸ்பி என்று ஒரு வகை இருக்கிறது. அசல் 580-இல் ஸ்ட்ரீம் பிராசஸர்கள் என்ற சின்னச் சின்னக் கணக்கு அலகுகள் 2304. இதில் 2048 மட்டுமே, அதாவது ஆர்எக்ஸ் 570-இல் இருக்கும் அளவு. பெட்டியில் போட்டிருக்கும் அந்த வால் பகுதியை விளம்பரத்தில் மட்டும் விட்டுவிடுவதை எப்படி எடுத்துக்கொள்வது?

சிஸ்டத்தின் பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். நான் பார்க்கும் சேதத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. விஸ்காம் படிக்கும் ஒரு மாணவி தன் அம்மாவோடு ஆட்டோவில் சிபியுவை எடுத்துக்கொண்டு வந்தாள். புது சிஸ்டம். ஐ5-12400, ஜிடிஎக்ஸ் 1650, இரண்டும் சொன்னபடியே அசல். ஆனால் வீடியோ எடிட் செய்து ரெண்டர் போட்டால் பாதியில் அணைந்து மறுபடி ஆன் ஆகிறது. வாங்கிய இடத்தில் விண்டோஸ் பிரச்சினை என்று சொல்லித் திரும்பத் திரும்ப ஃபார்மட் செய்து கொடுத்திருக்கிறார்கள். அவளுடைய ப்ராஜெக்ட் ஃபைல்களும் அதோடு போயிருந்தன. நான் பக்கவாட்டு மூடியைக் கழற்றி எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைத் திருப்பிக் காட்டினேன். பெரிய எழுத்தில் 500 வாட். அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம்: 12 வோல்ட், 14 ஆம்பியர். பெருக்கினால் 168 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். முழு வேகத்தில் ஓடும்போது அந்த ஐ5 மட்டும் 117 வாட் வரை இழுக்கும், கார்டுக்கு 75 வாட். கூட்டினால் 192. ஸ்டிக்கரே தாங்காது என்று சொல்லும் சுமை அது. அந்த அம்மா கணக்கைப் புரிந்துகொண்டார். "இத அவங்க பாத்திருக்க மாட்டாங்களா தம்பி?" என்று கேட்டார்.

செட் போடும் யாருக்கும் அந்தக் கட்டம் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. வாங்குபவர் கேட்பதெல்லாம் பிராசஸர், ராம், கார்டு. எஸ்எம்பிஎஸ் என்ன மாடல் என்று யாரும் கேட்பதில்லை, அதனால் காசு மிச்சம் பிடிப்பது அங்கே. பில்லில் "எஸ்எம்பிஎஸ் 500 வாட்" என்று எழுதாமல் கம்பெனி, மாடல், மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் சான்று உண்டா இல்லையா என்று எழுத வேண்டியிருந்தால் அந்தப் பெட்டி உள்ளே போயிருக்காது.

வாரண்டியும் அப்படித்தான். "மூன்று வருட வாரண்டி" என்றால் எதற்கு, யார் தருவது? பெட்டியோடு வரும் இன்டெல் பிராசஸருக்கு அந்தக் கம்பெனியே மூன்று வருடம் பொறுப்பேற்கிறது. தனிப் பெட்டி இல்லாமல் தட்டில் வரும் டிரே பிராசஸருக்கு வாங்குபவர் நேராக இன்டெல்லிடம் போக முடியாது. சீரியல் எண் இல்லாத பில் வைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனால் சிக்கல் வரலாம். ஹார்டு டிஸ்க் என்றால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்ப்பேன். புதிது என்று விற்றது ஏற்கெனவே பல ஆண்டுகள் சிசிடிவி பெட்டியில் ஓடித் தேய்ந்ததாக இருந்த நாளும் உண்டு.

பழைய பொருள் விற்பதையே குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கம்பெனிகளில் இருந்து லீஸ் முடிந்து வரும் பிராண்டட் டெஸ்க்டாப்களை நானே பலருக்குப் பரிந்துரைக்கிறேன். ஐ5-8500 போட்ட ஒன்று, அதன் சொந்த எஸ்எம்பிஎஸ்ஸோடு, புது எஸ்எஸ்டி மாற்றி, செகண்ட் ஹேண்ட் என்று சொல்லியே கொடுத்தால் டேலிக்கும் ஆன்லைன் வகுப்புக்கும் அதைவிட நல்ல பேரம் இல்லை. விண்டோஸ் 11-ம் முறைப்படி ஏறும். பழைய பைக் வாங்கப் போகிறவர் எந்த வருஷ வண்டி என்று ஆர்சி புத்தகத்தைப் பார்க்காமல் காசை எடுப்பதில்லை. கம்ப்யூட்டருக்கு அந்த ஆர்சி, மாடல் எண்தான்.

உங்கள் பக்கத்துச் சிரமமும் எனக்குத் தெரியும். லாபம் சொற்பம். கொட்டேஷன் வாங்கிக்கொண்டு போய் ஆன்லைனில் விலை ஒப்பிட்டுவிட்டு வருகிறார்கள். மாடல் எண் எழுதிக் கொடுத்தால் அதைக் காட்டிப் பக்கத்துக் கடையில் இருநூறு ரூபாய் குறைத்து வாங்குவார்கள் என்ற பயம் நியாயமானதுதான். இன்று நஷ்டப்படுவது யார் என்றும் பாருங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டு, பெட்டியோடு பிராசஸர் கொடுத்து, ஜிஎஸ்டி பில்லும் தருகிற கடைக்காரர் "ஐ7 பதினைந்தாயிரம்" விளம்பரத்தோடு போட்டி போட முடியாமல் நிற்கிறார். அவருடைய சரக்கு ஏன் விலை அதிகம் என்று காட்ட அவரிடம் இருப்பது அந்த மாடல் எண் ஒன்றுதான். அதனால்தான் தனித்தனிக் கடைகளைக் கேட்பதோடு நிறுத்தாமல் சங்கங்களையும் கேட்கிறேன். எல்லோரும் எழுதினால் எழுதுகிறவருக்கு நஷ்டம் வராது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழைய பொருளையும் புதுப்பித்த பொருளையும் புதிது என்று காட்டுவது முறையற்ற வணிகம். பில் தராமல் இருப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பி எடுக்க மறுப்பதும் அதில் சேரும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று சுவரில் ஒட்டினால் இது மாறிவிடாது. என்னிடம் வருகிறவர்களுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைச் சொல்லி அனுப்புகிறேன். ஆனால் புகார் எழுதிக் காத்திருக்கும் மாதங்களில் அந்தப் பிள்ளைக்கு செமஸ்டர் போய்விடுகிறது. பிரச்சினை கடையிலேயே வராமல் இருந்தால்தான் அவளுக்குப் பயன்.

ஒரு தாள் போதும். பிராசஸர், மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கிராபிக்ஸ் கார்டு: ஒவ்வொன்றுக்கும் கம்பெனி, முழு மாடல், சீரியல் எண், புதிதா பழையதா, வாரண்டி எவ்வளவு, அதை யார் தருவது. அதில் கடை முத்திரை. சங்கமே ஒரு படிவம் அச்சடித்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாம். அடுத்த கல்லூரிச் சேர்க்கைக்கு முன்பே தொடங்கிவிடலாம்.

"எங்கே வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்காதவர் குறைவு. அந்தத் தாளைத் தருகிற கடை எந்தத் தெருவில் இருந்தாலும், அதன் விசிட்டிங் கார்டை என் மேஜையில் வைத்துக் கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர்