மகளின் கையில் ஸ்பானரைக் கொடுத்தவர்களுக்கு

எங்கள் பகுதி மொரிஸ் மைனர் பழைய கார்க் கழகத்து நண்பர்களுக்கு,

மகள் தன் பங்குக்கு உங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதிவிட்டாள். நான் தமிழில் எழுதுகிறேன். நன்றி என்று சொல்ல எனக்கு வாய் வருவது இதில்தான். அவள் உங்களுக்கு வாசித்துச் சொல்வாள். இங்கிலாந்தில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்களும் அறியட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திடலில் பழைய கார்கள் வரிசையாக நின்றன. அவளுக்கு அப்போது 15 வயது. பாதிக் கார்களில் "தொடாதீர்கள்" என்று அட்டை தொங்கியது. உங்கள் வரிசையில் ஒரு மைனரின் பொனெற் திறந்திருந்தது. அவள் எட்டிப் பார்த்ததும் அதன் சொந்தக்காரர், "ஏறி உட்கார், ஹோனை அடித்துப் பார்" என்றார். பிறகு இறங்கச் சொல்லி, பொனெற்றின் நடுவே ஓடும் மேடான பட்டையில் அவள் விரலை வைக்க வைத்தார். மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் முதலில் செய்த மாதிரிக் கார் ஒடுக்கமாக இருந்ததாம். பார்வைக்குச் சரிவரவில்லை என்று அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, பாதிகளை விலக்கி விலக்கிப் பார்த்து, 4 அங்குலம் கூட்டினாராம். 1948 இல் கார் வெளிவந்தபோது அந்த 4 அங்குலம் பொனெற்றில் பட்டையாகவே நின்றுவிட்டது. வீடு வந்து சேரும்வரை அவள் அந்தப் பட்டையைப் பற்றித்தான் கதைத்தாள்.

இளையவர்கள் வருகிறார்களில்லை என்று உங்கள் கூட்டங்களில் கவலைப்படுவதை நானும் கேட்டிருக்கிறேன். என் மகள் வந்தது அன்று ஹோனை அடிக்க விட்டபடியால்தான்.

அடுத்த வருடம், தங்கள் 1967 ஆம் ஆண்டு மைனர் 1000 ஐ அவளுக்கு விட்டுக்கொடுத்த தம்பதிக்கு என்ன சொல்வது! ஏலத்தில் விட்டிருந்தால் இரண்டு மடங்கு கிடைத்திருக்கும். அவள் சேர்த்து வைத்திருந்த காசு எவ்வளவு என்று கேட்டுவிட்டு, அதுதான் விலை என்றீர்கள். சாவியோடு, வாங்கிய நாள் முதல் எழுதி வைத்த குறிப்புக் கொப்பியையும் தந்தீர்கள். எப்போது எண்ணெய் மாற்றியது, எந்த ரயர் எப்போது போட்டது, எல்லாம் பென்சிலில். இப்போது அதன் கடைசிப் பக்கங்களில் மகளின் கையெழுத்து.

சனிக்கிழமைகளில் கராஜைத் திறந்து வைத்திருந்த அம்மையாருக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். மைனரின் முன் சக்கரங்களைத் தாங்கும் ட்ரனியன் என்ற பாகத்துக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால், அதன் மரை தேய்ந்து ஒருநாள் சக்கரம் அப்படியே மடிந்துவிடும் என்று அங்கேதான் அறிந்தேன். தாய்க்கு வயிற்றைக் கலக்கும் செய்தி அது. நீங்கள் அதைப் பயமுறுத்தலாகச் சொல்லவில்லை. அவளைத் தரையில் படுக்க வைத்து, கிறீஸ் கன்னைக் கையில் கொடுத்து, "பழையது வெளியே வரட்டும்" என்றீர்கள். முதலில் மணல் கலந்த கறுப்புக் கிறீஸ் நெளிந்து வந்தது. துணியால் துடைத்தாள். மறுபடி அழுத்தினாள். கடைசியில் தேன் நிறத்தில் புதுக் கிறீஸ் எட்டிப் பார்த்ததும், "அம்மா, பாருங்கோ!" என்று கத்தினாள். நானும் முழங்காலில் நின்று பார்த்தேன்.

அவள் புகைக்குழாய்ப் பக்கத்து ஸ்ரட் என்ற மரையாணி ஒன்றை முறித்த நாளும் மறக்காது. துரு இறுக்கியிருந்ததை வேகத்தில் திருகிவிட்டாள். அழுகை வரும் போல நின்றவளிடம் நீங்கள் ஸ்பானரைப் பறிக்கவில்லை. முறிந்த துண்டைச் சூடேற்றி, எண்ணெய் விட்டு, கால் சுற்றுக் கால் சுற்றாக எடுக்கும் வித்தையைப் பக்கத்தில் நின்று சொல்லித் தந்தீர்கள். ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. எடுத்தவள் அவளே.

பரிசோதனை விஷயத்திலும் அப்படித்தான். 40 வருடம் கடந்த, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து வருடாந்தப் பரிசோதனை கட்டாயமில்லை. "சட்டம் விட்டாலும் நீ விடாதே" என்று கூட்டிப் போனீர்கள். காப்புறுதி நிறுவனம் ஒன்று அவள் வயதைக் கேட்டதுமே கையை விரித்தது. கழகச் செயலாளர்தான் நாள் கணக்காகத் தொலைபேசியில் நின்று, பழைய கார்களுக்கென்றே இருக்கும் வேறொரு இடத்தைக் கண்டுபிடித்தார். அந்த உதவி வெளியே தெரியாதது. ஆனால் அது இல்லாவிட்டால் கார் கராஜிலேயே நின்றிருக்கும்.

அப்புறம், என் அப்பா. அவருக்கு ஆங்கிலம் ஓரளவுதான். தேநீர் மேசையில் ஒதுங்கி இருந்தவரிடம், ஊரில் என்ன கார் ஓடியது என்று கேட்டீர்கள். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரத் தடை இருந்தது. மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் மண்ணெண்ணெயில் ஓடின. துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மகள் மொழிபெயர்க்க, எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டீர்கள். பின்னால் வந்த கரும்புகையை அவர் கையால் காட்டியபோது அந்த மேசையே சிரித்தது. உதிரிப்பாகம் விற்பவர், இலங்கையில் செய்து இங்கே வந்த ஒரு மட்கார்ட்டைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தார். அப்பா அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இந்த ஏப்ரலில், 1900 ஆம் ஆண்டு பிரித்தானியாவில் நடந்த ஆயிரம் மைல் கார் ஓட்டத்தை நினைவுகூரும் நாளில், உங்கள் வரிசையில் ஆறாவது காராக அவள் ஓட்டி வந்தாள். பக்கத்து இருக்கையில் அப்பா. கியர்ப் பற்களின் வேகத்தை ஒன்றாக்கும் சிங்ரோ முதலாம் கியருக்கு இல்லாதபடியால், சந்திகளில் கார் முழுதாக நிற்கும்வரை பொறுத்துத்தான் கியரைப் போட்டாள். நீங்கள் பழக்கியபடியே, ஒரு தடவையும் பல்லுக் கடிக்கும் சத்தம் வரவில்லை.

வரும் ஞாயிறு பக்கத்து வீட்டுப் பையனும் எங்களோடு வருகிறான். 13 வயது. ஹோனை அடிக்கலாமா என்று இப்போதே கேட்கிறான். அடிக்கலாம் என்று சொல்லிவிட்டேன். கிறீஸ் கன்னையும் கொண்டு வாருங்கள்.

மிக்க நன்றியுடன்,
மைனர்காரியின் அம்மா