சரித்திரப் படத்தில் அழவும் நேரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சரித்திரப் படங்கள் பிரமாண்டமாக இருக்கின்றன, ஆனால் மனதில் ஒட்டவில்லை என்று பலரும் சொல்கிறார்கள். படத்துக்கு மூலமான நாவலைப் படிக்காவிட்டால் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு பதிலும் வருகிறது. தாரமங்கலம் பக்கம் ஊர் ஊராகத் தெருக்கூத்தில் கர்ணன் வேஷம் கட்டி ஆடுகிறவன் நான். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

கர்ணனின் முடிவைச் சொல்லும் கர்ணமோட்சம் கூத்தைப் பார்க்க உட்காருகிறவர்களில், தமிழ் மகாபாரதமான வில்லிபாரதம் படித்தவர்கள் எத்தனை பேர்? கர்ணன் சாகப்போகிறான் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பதினேழாம் நாள் போருக்குக் கிளம்புமுன் பொன்னுருவியிடம் அவன் விடைபெறும் இடம் வந்தால் கூட்டம் அடங்கிவிடும். தேரோட்டி மகன் என்று தன்னை இளக்காரமாக நினைத்த மனைவியிடமே அவன் தன் பிறப்பைச் சொல்ல வேண்டும். அதை நாங்கள் அவசரப்படுத்த மாட்டோம். பின்பாட்டுக்காரர் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பாடுவார். அதற்குள் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களின் கை முந்தானைக்குப் போய்விடும். எங்களிடம் யானையும் இல்லை, குதிரையும் இல்லை. ஒரு பெஞ்சுதான் சிம்மாசனம்.

'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தை 2022-இல் சேலத்தில் குடும்பத்தோடு பார்த்தோம். கண்ணுக்கு நிறைவான படம், உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாவல் படிக்காத என் வீட்டுக்காரம்மா, "இவரு யாருக்கு அண்ணன்? அந்தம்மா யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெயர்கள் அவ்வளவு வேகமாக வந்து போயின. அடுத்த ஆண்டு இரண்டாம் பாகம், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனையும் அவன் காதலித்த நந்தினியையும் இளவயதில் காட்டித் தொடங்கியது. அதோடு கேள்வி நின்றது. கடம்பூர் மாளிகையில் இருவரும் எதிரெதிரே நின்றபோது என் வீட்டுக்காரம்மா கண் கலங்கியதை நான் பார்த்தேன். அந்த இளவயதுக் கதையை முதல் பாகத்திலேயே முன்னால் வைத்திருக்கலாமே என்று எனக்கு இன்றும் ஆதங்கம்.

சேலத்துக்காரர்களுக்கு இது தெரியாததல்ல. ஏற்காடு சாலையில் இன்று நுழைவு வளைவு மட்டும் மிஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனம் 1950-இல் எடுத்த ராஜா கதைதான் 'மந்திரி குமாரி'. மலை உச்சிக்குக் கூட்டிப்போய்க் கொல்லப் பார்க்கிறான் கணவன். கடைசியாக உங்களை வலம் வருகிறேன் என்று சுற்றிவந்து, அவனைத் தள்ளிவிடுகிறாள் அவள். அந்த இடத்தில் படை ஏது, கோட்டை ஏது? புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்தான்.

இனி சோழர் கதையோ பல்லவர் கதையோ எடுக்கப்போகிறவர்கள் போர்க்களத்தில் பத்து நிமிடத்தைக் குறைத்து, போருக்குப் போகிறவன் வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பும் காட்சிக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தெருக்கூத்துக் கலைஞர் ஒருவர்,
தாரமங்கலம், சேலம் மாவட்டம்.