பெர்லின் ஐரோப்பாப் பள்ளியில் எங்கள் மகளை வளர்த்தவர்களுக்கு

அன்புள்ள ஆசிரியர்களுக்கும், பாடவேளைக்குப் பிறகு பிள்ளைகள் இருக்கும் ஹோர்ட் என்ற காப்பகத்தில் அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், கூடவே நடந்த பெற்றோர்களுக்கும் வணக்கம்.

எங்கள் மகள் ஆறாம் வகுப்பை முடித்துவிட்டாள். 2019 ஆகஸ்டில் முதல் வகுப்பில் சேர்த்தோம், 2025 கோடையில் தொடக்கப்பள்ளி முடிந்தது. உங்களுக்கு ஜெர்மனில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டோம். இதைத் தமிழில் எழுதுவது, நீங்கள் எங்களுக்குச் செய்தது என்ன என்று எங்கள் மக்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக.

படிப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெர்லினில் 1992 முதல் அரசு ஐரோப்பாப் பள்ளிகள் இருக்கின்றன. ஜெர்மனோடு இன்னொரு மொழியும் அங்கே பாடமொழி. வகுப்பில் பாதிப் பேர் ஜெர்மன் பேசும் பிள்ளைகள், மீதிப் பேர் அந்த இன்னொரு மொழி பேசும் பிள்ளைகள் என்பதுதான் ஏற்பாடு. கட்டணம் கிடையாது. ஒவ்வொரு ஆசிரியரும் தன் மொழியில் மட்டும் பேசுவார். பிள்ளைகள் எழுதப் படிக்க முதலில் தங்கள் மொழியில் கற்றுக்கொண்டு, பிறகு அடுத்த மொழிக்குப் போவார்கள். எங்கள் மகள் மழலையர் பள்ளியில் ஆங்கிலம் பழகியிருந்ததால் ஆங்கிலப் பிரிவில் இடம் கிடைத்தது. வீட்டில் தமிழ். ஆக, ஜெர்மன் அவளுக்கு மூன்றாவது மொழி.

முதல் நன்றி கணக்கு ஆசிரியருக்கு. அவள் படித்த பள்ளியில் கணக்கு ஜெர்மனில்தான். ஜெர்மனில் இரண்டு இலக்க எண்ணைச் சொல்லும்போது ஒன்றுகள் முதலில் வரும், பத்துகள் பின்னால் வரும். தமிழில் எண்ணிப் பழகிய பிள்ளை 47 என்று காதில் கேட்டதும், கேட்ட வரிசையிலேயே 74 என்று எழுதிவிடும். அதை வைத்துக் கூட்டினால் கூட்டல் சரியாக இருக்கும், விடை மட்டும் தப்பாக வரும். அச்சடித்த தாளில் இருந்த கணக்கை எல்லாம் சரியாகப் போட்ட பிள்ளை, வாயால் சொன்ன கணக்கில் மட்டும் ஏன் தடுமாறுகிறாள் என்று நீங்கள்தான் கவனித்தீர்கள். கணக்கில் மந்தம் என்று எழுதி முடித்திருக்கலாம். நீங்கள் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தீர்கள். அதில் ஒன்றுகளுக்குச் சின்னக் கட்டைகள், பத்துகளுக்கு நீளக் குச்சிகள். எண்ணைக் கேட்டதும் பென்சிலைத் தொடக் கூடாது. முதலில் ஏழு கட்டைகளை வலப்பக்கம் வைக்க வேண்டும், பிறகு நான்கு குச்சிகளை இடப்பக்கம் வைக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். விடுமுறைக்கு அந்தப் பெட்டியை வீட்டுக்கே கொடுத்தனுப்பினீர்கள். கொஞ்ச நாளில் கட்டை இல்லாமலே சரியாக எழுதினாள். "வீட்டில் உங்கள் மொழியிலேயே எண்ணுங்கள், இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நீங்கள் சொன்னது எங்களுக்குப் பெரிய தெம்பு. தமிழை விட்டுவிடுங்கள் என்று இந்தப் பள்ளியில் ஒருவர்கூட ஒருநாளும் சொன்னதில்லை.

ஆங்கில ஆசிரியருக்கு: நீங்கள் கொடுத்த புத்தகங்களை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள். ஹோர்ட்டில் இருந்தவர்களுக்கு: பாடத்தில் வராத ஜெர்மன் முழுக்க, சண்டை போடுவது, சமாதானம் ஆவது உட்பட, உங்களிடம் வந்ததுதான்.

அடுத்து எங்கள் வாசிப்புத் துணைவர். இந்த ஊரில் பணி ஓய்வு பெற்ற பலர் வாரம் ஒருமுறை பள்ளிக்கு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறார்கள். சம்பளம் எதுவும் இல்லை. எங்கள் மகளுக்கு அப்படி ஒரு பாட்டி கிடைத்தார். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளியை மூடினார்கள். ஜெர்மன் குழந்தைக்குப் பள்ளி மட்டும்தான் நின்றது. எங்கள் பிள்ளைக்கோ ஜெர்மன் மொழியே நின்றுபோனது, ஏனென்றால் வீட்டுக்குள் அந்த மொழி பேச ஆள் இல்லை. அந்தச் சமயத்தில் நீங்கள் எங்கள் தபால் பெட்டியில் ஒரு படப்புத்தகத்தைப் போட்டுவிட்டு, அதே புத்தகத்தின் இன்னொரு பிரதியை நீங்கள் வைத்துக்கொண்டு தொலைபேசியில் கூப்பிட்டீர்கள், அம்மா. பள்ளியில் என்றால் படத்தை விரலால் காட்டி "இது" என்று சொல்லித் தப்பித்துவிடுவாள். தொலைபேசியில் விரல் செல்லாது. நாய் மேசைக்கு அடியில் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா, யாருடைய தொப்பி பறந்தது என்று அவள் வாயைத் திறந்து சொல்லியே ஆக வேண்டும். அவள் சொல் தேடித் தவிக்கும்போது நீங்கள் எடுத்துக் கொடுக்க மாட்டீர்கள். பேசாமல் காத்திருப்பீர்கள். பக்கத்தில் இருந்த எனக்குத்தான் பொறுக்காது! பள்ளி மறுபடி திறந்தபோது அவள் ஜெர்மன் தேயாமல் இருந்ததற்கு நீங்கள் ஒருவரே காரணம். இந்த நன்றியை நாங்கள் எப்படிச் சொல்லியும் தீராது.

நான்காம் வகுப்பில் வேறொரு கவலை வந்தது. சரளமாகப் பேசுகிறவள் வார்த்தைக் கணக்குகளைப் படித்துவிட்டு விழித்தாள். தனி வகுப்பு வைக்கலாமா, பள்ளியை மாற்றலாமா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம். ஜெர்மன் ஆசிரியரே, நீங்கள்தான் எங்களை உட்காரவைத்து விளக்கினீர்கள். விளையாட்டுத் திடலில் பேசும் மொழி ஏறக்குறைய இரண்டு ஆண்டில் வந்துவிடும், பாடநூல் மொழிக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும் என்று கனடாவின் ஜிம் கம்மின்ஸ் போன்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார்களாம். அப்புறம் விளக்கத்தோடு நிற்காமல், மறுநாள் பாடத்தின் பக்கத்தை முதல் நாளே அவளிடம் கொடுத்து, கடினமான சொற்களைப் பார்த்துவிட்டு வரச் சொன்னீர்கள். பாடம் நடக்கும்போது அவளும் கை தூக்கினாள். ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் தொடக்கப்பள்ளி நான்கே ஆண்டு, அதோடு பிள்ளைகளை வெவ்வேறு வகை மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுவார்கள். பெர்லினில் ஆறு ஆண்டு. அந்த இரண்டு ஆண்டும், உங்கள் பொறுமையும் இல்லையென்றால் அவள் தடுமாறிய வருடத்தை வைத்தே அவளை எடை போட்டிருப்பார்கள்.

எதிர்வீட்டு அம்மாவுக்கும் நன்றி. பள்ளியிலிருந்து வரும் கடிதங்களில் எதற்குக் கையெழுத்து, எதற்குக் கடைசித் தேதி, எதைச் சும்மா படித்தால் போதும் என்று பிரித்துச் சொன்னவர் நீங்கள். உங்கள் பையன் ஜெர்மன் பிரிவு, எங்கள் மகள் ஆங்கிலப் பிரிவு. இருவரும் சமையலறையில் உட்கார்ந்து ஒருவர் வீட்டுப்பாடத்தை மற்றவர் திருத்துவார்கள். அந்தப் பள்ளி எதற்காகத் தொடங்கப்பட்டதோ, அது அந்த மேசையில் நடந்தது.

புதிதாக இங்கே வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. முதல் வகுப்புக்கான பதிவு முந்தைய இலையுதிர் காலத்திலேயே நடந்துவிடும், சேர்க்கைக்கு முன் பிள்ளையின் மொழியையும் சோதிப்பார்கள். அதனால் ஒரு வருடம் முன்னதாகவே விசாரியுங்கள். விண்ணப்பம் நிரப்பவோ, பெற்றோர் கூட்டத்துக்குத் துணைக்கு வரவோ ஆள் வேண்டும் என்றால் எங்களைக் கூப்பிடுங்கள், வருகிறோம்.