கழுவுவது சேர்விஸ் ஆகாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நீண்ட விடுமுறை வந்தால் கொழும்பிலிருந்து டிரெயில் பைக்குகள் (கரடுமுரடான மண்பாதைக்கான மோட்டார் சைக்கிள்கள்) ரிவர்ஸ்டன், மீமுரே என்று மலைப்பக்கம் கிளம்பிவிடுகின்றன. திரும்பியதும் நேரே பிரஷர் வோஷ். பைக் பளபளக்கிறது, ஆனால் எயார் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பவர் குறைவு. இங்கே ஓடுபவற்றில் பல, 1990களில் ஜப்பானில் தயாரான செரோ, ஜெபல், எக்ஸ்ஆர் பாஜா வகைகள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 இல் திறந்தாலும், புதிதாக ஒன்று வாங்குவது பலருக்கு எட்டாது. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பிஸ்டன் றிங் தேடி அலைவதைவிட ஃபில்டரைக் கழுவுவது மலிவு.

இந்த பைக்குகளில் பொதுவாக இருப்பது ஃபோம் ஃபில்டர். தூசியைப் பிடிப்பது ஃபோம் அல்ல, அதில் ஊறியிருக்கும் பிசுபிசுப்பான ஒயில்தான். காய்ந்த ஃபோமைப் போட்டு ஓடினால் நுண்மணல் நேரே சிலிண்டருக்குள் போய் றிங்கையும் சுவரையும் தேய்க்கும். பிறகு நீலப் புகை, ஒயில் குறைவு, கடைசியில் சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் போரிங் வேலை.

ஃபோமை மண்ணெண்ணெயில் அமிழ்த்திப் பிழியுங்கள். முறுக்கவே கூடாது, ஒட்டிய இடம் கிழியும். பெற்றோல் வேண்டாம்: பசையைக் கரைக்கும், தொடர்மாடியின் கார் தரிப்பிடத்தில் தீ அபாயம் வேறு. பின்னர் பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவி, நிழலில் முழுதாக உலர விடுங்கள். சுத்தமான பொலித்தீன் பையில் போட்டு, ஃபோம் ஃபில்டர் ஒயில் விட்டு, நிறம் எங்கும் ஒன்றாகும்வரை பிசையுங்கள். அது கிடைக்காவிட்டால் 80-90 கியர் ஒயில். சாதாரண எஞ்ஜின் ஒயில் ஓரிரு நாளில் கீழே வடிந்து மேற்பகுதியைக் காயவிடும். மிகுதியைப் பிழிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் எஞ்ஜின் மூச்சுத்திணறும். ஃபில்டர் விளிம்பில் மெல்லிய கிறீஸ் தடவினால்தான் ஓரத்தால் தூசி நுழையாது. மாட்டுமுன் காபரேட்டருக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணி சுற்றிய விரலால் துடையுங்கள். துணியில் நறநறவென்று மண் வந்தால், தூசி ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

பிரஷர் வோஷ் செய்யும் தீமை வேறு. அந்த வேகத்தில் வரும் தண்ணீர் சீலைத் தாண்டிச் சில்லுப் பெயரிங், ஸ்விங் ஆர்ம் (பின் சில்லைத் தாங்கும் கை), ஹாண்டில் பெயரிங் எல்லாவற்றிலும் உள்ள கிறீஸைக் கழுவிவிடும். வெள்ளவத்தை, தெகிவளைக் கடற்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வாளித் தண்ணீரும் தூரிகையும் போதும். சில்லை நிலத்திலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். லூசாக ஆடினால் பெயரிங் மாற்றும் நேரம்.

ஆறு கடந்து வந்தவர்கள் ஒயில் கண்ணாடியைப் பாருங்கள். சூடான எஞ்ஜின் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளேயுள்ள காற்று சுருங்கி, எஞ்ஜின் மூச்சுவிடும் பிறீதர் குழாய் வழியே தண்ணீரை இழுக்கும். பால் தேத்தண்ணி நிறத்தில் ஒயில் தெரிந்தால் ஸ்டார்ட் செய்யாமலே வடித்துவிடுங்கள். குழாயின் வாயை டாங்கின் கீழ் உயர்த்திக் கட்டினால் இது பெரும்பாலும் தவிரும். புதிய ஒயில், மோட்டார் சைக்கிளுக்கான ஜப்பானியத் தரமான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 ஆக இருக்கட்டும். காருக்கான எரிபொருள் சேமிப்பு ஒயில் கிளச்சை வழுக்கவைக்கும்.

செயினை வீதி பைக் போல இறுக்குபவர்களும் உண்டு. டிரெயில் பைக்கின் பின் சஸ்பென்ஷன் நீண்ட தூரம் அமுங்கும். முன் ஸ்புரொக்கெட், ஸ்விங் ஆர்ம் பிடி, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும் கணத்தில் செயின் உச்ச இறுக்கம் அடையும். சைட் ஸ்டாண்டில் நிற்கும்போது பொதுவாக 35 முதல் 45 மி.மீ. தளர்வு வேண்டும். குறைத்தால் கியர் பெட்டியின் வெளி பெயரிங்கும் சீலும் போகும்.

கடைசியாக, வடித்த ஒயிலையும் மண்ணெண்ணெய்க் கழிவையும் வடிகானில் ஊற்றாதீர்கள், அது கால்வாய் வழியே கடலுக்குத்தான் போகும். பழைய ஒயில் கலனில் ஊற்றி மூடி கராஜில் கொடுங்கள். வட்டாரத்துக்கு ஒரு பெரல் வைத்துப் பழைய ஒயிலைச் சேகரிக்க மாநகர சபை முன்வந்தால் வீட்டில் வேலை செய்பவர்களுக்கு மிக உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், வெள்ளவத்தை